இடி எழுப்பும் காளான்

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரவெல்லாம் இடியும் மழையுமாகக் கழிந்தபின், விடியற்காலையில் புற்றடிகளில் குடை விரித்து நிற்கும் காளான்களைப் பறிக்கச் சிறுவர்கள் ஓடுவதும் உங்களுக்குத் தெரிந்த காட்சியாக இருக்கலாம். இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் புளூட்டார்க், மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானை இடி பிறப்பிப்பதாக மக்கள் கருதுவது ஏன் என்று தம் நூல் ஒன்றில் விவாதிக்கிறார். ஜப்பானிய உழவர்களோ, இடி விழுந்த இடத்தில் காளான் மிகுதியாக விளையும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள்.

அவர்கள் வளர்த்த காளான்களில் தலையாயது ஷிட்டாகே. அதைப் பற்றி இன்னொரு நம்பிக்கையும் உண்டு. அது உணவு மட்டுமன்று, மருந்தும் ஆகும் என்பது. முதல் நம்பிக்கையைப் படித்தவர்கள் மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள். இரண்டாவதைப் படித்தவர்களே இன்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். இரண்டும் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. அங்கே அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இயற்பியல் கற்பிப்பவனுக்குக் காளானில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மின்னழுத்தமும் புற ஊதாக் கதிரும் வருகிற கதை இது. ஆகவே எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

மரம் தின்னும் உயிர்

காளான் செடியன்று, அதற்குப் பச்சையம் இல்லை. சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்க அதனால் இயலாது. விலங்கும் அன்று. பூஞ்சணங்கள் என்னும் தனிப் பேரரசைச் சேர்ந்தது அது. நம் கண்ணுக்குத் தெரியும் குடை, அந்த உயிரின் ஒரு சிறு பகுதியே. மாமரத்துக்கு மாம்பழம் எப்படியோ, பூஞ்சணத்துக்குக் குடை அப்படி. உண்மையான உடல், தலைமயிரைவிட மெல்லிய வெண்ணிற இழைகளின் வலையாக மரத்துக்குள்ளே மறைந்து கிடக்கிறது.

ஷிட்டாகே வாழ்வது பட்டுப்போன மரங்களில். கிழக்கு ஆசிய மலைக்காடுகளில் உள்ள ஓக் மரங்களும் அவற்றின் உறவு மரங்களும் அதற்கு ஏற்றவை. அவற்றுள் ஒன்றுக்கு ஜப்பானிய மொழியில் 'ஷி' என்று பெயர். 'தாகே' என்றால் காளான். 'ஷி மரக் காளான்' என்பதே பெயரின் பொருள். சீனர்கள் 'சியாங்கு' என்பார்கள். மணக்கும் காளான் என்று பொருள். குளிரும் வறட்சியும் சேர்ந்து வாட்டும்போது குடையின் மேல்தோல் பூப்போல வெடிக்கும். அந்த வெடித்த காளானுக்குச் சீனச் சந்தையில் விலை கூடுதல்.

மரத்தைத் தின்பது எளிதான செயலன்று. மரத்துக்கு உறுதி தருவது லிக்னின் என்னும் பொருள். உயிர்களுள் அதைச் சிதைக்கும் வல்லமை பெற்றவை மிகச் சில. ஷிட்டாகே அவற்றுள் ஒன்று. இழைகளின் நுனியிலிருந்து நொதிகளைக் கசியவிட்டு, வெளியிலேயே மரத்தைச் செரித்து, பிறகு உறிஞ்சிக்கொள்கிறது. இவ்வகை உயிர்கள் இல்லாவிட்டால் காட்டில் விழுந்த மரங்கள் மலைமலையாகக் குவிந்திருக்கும்.

இழை வலை மரம் முழுதும் பரவ ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும். அதுவரை வெளியில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள், வெப்பநிலை இறங்கி மழையும் பெய்ததும், பட்டையைப் பிளந்துகொண்டு பழுப்பு நிறக் குடைகள் வெளிவருகின்றன. குடைக்கடியில் உள்ள மடிப்புகளிலிருந்து கோடிக்கணக்கான வித்துத் தூள்கள் காற்றில் பறக்கும். ஒவ்வொன்றும் சுமார் 6 மைக்ரோமீட்டர் நீளமே. அவற்றுள் ஏதோ ஒன்று வேறொரு மரத்தின் காயத்தில் விழுந்து முளைத்து, தனக்கு ஏற்ற இன்னொரு வித்தின் இழையோடு கூடினால்தான் அடுத்த தலைமுறை. இந்தத் தற்செயலை மனிதன் தன் கைக்குள் கொண்டுவர எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ 800 ஆண்டுகள்.

கோடரியும் சம்மட்டியும்

சீனத்தின் தென்கிழக்கில் செஜியாங் மாநிலத்தில் லுங்சுவான், சிங்யுவான், ஜிங்நிங் என்னும் மூன்று மலை வட்டங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பயிர் நிலம் குறைவு, காடு மிகுதி. அங்கே 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் வூ சன்குங் என்னும் காட்டுவாசிதான் காளான் வளர்ப்பைக் கண்டுபிடித்தவர் என்பது மரபு. வெட்டிப் போட்ட மரத்தில் கோடரி பட்ட இடங்களில் காளான் மிகுதியாக முளைப்பதை அவர் கண்டாராம். பிறகு வேண்டுமென்றே கோடரியால் கொத்தி வைக்கலானாராம். அவருக்குச் சிங்யுவானில் கோயிலும் இருக்கிறது. கதையில் எவ்வளவு உண்மை என்று பிரித்தெடுக்க முடியாவிட்டாலும், முறை பழமையானது என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. 1209-இல் ஹெ சான் என்பவர் தொகுத்த லுங்சுவான் வட்டாரக் குறிப்பில், மரத்தை வெட்டுவது முதல் காளானை உலர்த்துவது வரை 185 சீன எழுத்துகளில் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு முழுத் தொழிலை அத்தனைச் சுருக்கமாக எழுதியவரை நம் பாடநூல் எழுதுவோர் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்!

அடுத்த சான்று நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது. 1313-இல் வாங் சென் எழுதிய புகழ்பெற்ற வேளாண் நூலில் காளான் வளர்ப்பும் இடம்பெறுகிறது. மரத்தைக் கொத்து, காளான் துணுக்குகளைத் தூவு, இலையும் மண்ணும் மூடு, நீர் தெளி. இவ்வளவும் எதிர்பார்க்கக்கூடியவை. அதன்பின் ஒரு விந்தையான கட்டளை வருகிறது. தடியால் அந்த மரத்தை ஓங்கி அடிக்க வேண்டுமாம்! இதற்குக் 'காளானைத் திடுக்கிடச் செய்தல்' என்று பெயர். உறங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்புவது போல, உள்ளே கிடக்கும் இழைகளை எழுப்பி விடுவதாக அவர்கள் எண்ணினார்கள்.

அந்த மலைமக்கள் இலையுதிர் காலத்தில் ஊரை விட்டுப் புறப்பட்டு, தொலைவில் உள்ள காடுகளில் குடிசை போட்டுத் தங்கிக் காளான் விளைவித்து, இளவேனிலில் வீடு திரும்பினார்கள். தொழில் நுணுக்கம் வெளியார் காதில் விழாமல் இருக்கத் தமக்குள் ஒரு மறைமொழியே வைத்திருந்தார்கள். தந்தை மகனுக்குச் சொன்னதே பாடம். சிங்யுவானின் காடும் காளானும் இணைந்த இந்த வேளாண் முறையை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2022-இல் உலக வேளாண் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

கடல் கடந்து ஜப்பானுக்கு வருவோம். அங்கும் உழவர்கள் மரத்தைக் கொத்திப் போட்டுக் காற்றில் வரும் வித்துக்காகக் காத்திருந்தார்கள். 1796-இல் சாட்டோ நரிஹிரோ இக்காளான் வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் பெயரே 'காளானைத் திடுக்கிடச் செய்யும் குறிப்பு' என்பதுதான். ஆக, அடித்து எழுப்பும் எண்ணம் இரு நாடுகளிலும் நிலைத்திருந்தது. ஆயினும் அடித்தால் மட்டும் போதுமா? உள்ளே வித்தே விழாத மரத்தை எத்தனை அடித்து என்ன பயன்! சில மரங்களில் காளான் கொள்ளையாய் விளையும். பக்கத்து மரத்தில் ஒன்றுகூட வராது. கடன் வாங்கி மரம் வெட்டிப் போட்டவன், காற்று கைவிட்டால் ஊரை விட்டே ஓட வேண்டியதுதான்.

1930-களில் கியோட்டோ பல்கலைக்கழக மாணவராக இருந்த மோரி கிசாக்கு, கியூஷு தீவின் ஓய்ட்டா பகுதிக்குச் சென்றபோது, ஒரு முதிய உழவர் தம் மரத்துண்டுகளின் முன் மண்டியிட்டு, "காளானே, வந்துவிடு" என்று கைகூப்பி வேண்டுவதைக் கண்டார் என்று அவர் வரலாறு கூறும். அந்தக் காட்சி அவரை விடவில்லை. காற்று கொண்டுவரும் வித்தை ஏன் நம்பியிருக்க வேண்டும்? ஆய்வுக்கூடத்தில் தூய்மையாக வளர்த்த இழைகளைச் சிறு மரமுளைகளில் ஏற்றி, அந்த முளைகளை மரத்தில் துளையிட்டு அடித்துவிட்டால் என்ன? 1940-களின் தொடக்கத்தில் இம்முறை கைகூடியது. சூதாட்டமாக இருந்த தொழில் வேளாண்மை ஆயிற்று. பின்னர் மரத்துண்டுகூட வேண்டாம் என்றாகி, மரத்தூளும் தவிடும் நிரப்பிய பைகளில் வளர்க்கும் முறை பரவியது. இன்று உலகில் வளர்க்கப்படும் உண்ணும் காளான்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஷிட்டாகேதான். அதில் மிகப் பெரும்பகுதி சீனத்தில் விளைவது.

பெயர் பட்ட பாடு

இடையில் அறிவியல் பெயரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சேலஞ்சர் என்னும் ஆய்வுக் கப்பல் ஜப்பானில் சேகரித்து வந்த காளானை, இங்கிலாந்தில் இருந்த பெர்க்லி என்னும் பாதிரியார் ஆராய்ந்து முதன்முதல் அறிவியல் பெயர் சூட்டினார். பின்னர் வந்தவர்கள் அதை லென்டினஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தார்கள். அதே பேரினத்தில், இரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் மரக்கட்டைகளைத் தின்று கெடுக்கும் ஒரு பொல்லாத காளானும் இருந்தது. இரண்டையும் குழப்பிக்கொண்ட அமெரிக்க அரசு, உயிருள்ள ஷிட்டாகே வித்தைத் தன் நாட்டுக்குள் கொண்டுவர 1972 வரை தடை விதித்திருந்தது.

1970-களின் நடுவில், கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த பெக்லர் ஷிட்டாகேயைப் பிரித்து, லென்டினுலா எடோடெஸ் என்று இன்று வழங்கும் பெயரை அளித்தார். அக்கட்டுரை வெளியான இதழ் எது தெரியுமா? 'கவகா'. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் 1973-இல் தோன்றிய இந்தியப் பூஞ்சணவியல் கழகத்தின் இதழ் அது. கவகம் என்பது வடமொழியில் காளானைக் குறிக்கும் சொல். சீனத்தில் பயிராகி, ஜப்பானில் பெயர் பெற்ற காளானின் அறிவியல் பெயர் நம் நாட்டு இதழில் பதிவாகியிருப்பது ஒரு சுவையான செய்திதான்.

மின்னல் சோதனை

இப்போது இடிக்கு வருவோம். இடியோடு மழை வருகிறது, வெப்பநிலை இறங்குகிறது, காற்றில் ஈரம் கூடுகிறது. மறுநாள் காளான் முளைத்தால் அதற்குக் காரணம் எது? ஊரார் இடி என்றார்கள். படித்தவர்கள், மழைதான் காரணம், இடி வெறும் துணைக்கு வந்தது என்றார்கள். இரு தரப்பும் சோதித்துப் பார்க்கவில்லை! எல்லாம் சேர்ந்தே வரும் ஓர் இரவை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. மற்றவற்றை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஜப்பானின் வடபகுதியில் மோரியோக்கா நகரில் உள்ள இவாத்தே பல்கலைக்கழகத்தில் டகாக்கி கோயிச்சி என்னும் மின்பொறியியல் பேராசிரியரும் அவர் குழுவினரும் இதைச் செய்தார்கள். ஒரே வகை மரத்துண்டுகள், ஒரே கொட்டகை, ஒரே அளவு நீர். ஒரு பகுதி மரத்துண்டுகளுக்கு மட்டும் செயற்கை மின்னல். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது உயர் மின்னழுத்தத் துடிப்பு. இத்தகைய துடிப்பைப் பெற ஒரு வழி, பல மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் மின்னேற்றி, கண்ணிமைக்கும் நேரத்தில் தொடர் இணைப்புக்கு மாற்றுவது. ஒவ்வொன்றின் மின்னழுத்தமும் கூடி ஒரே அடியாக வெளிப்படும். மேல்நிலை வகுப்பில் மின்தேக்கிகளைப் பற்றிப் படித்த மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

மரத்துண்டில் ஆணி போன்ற மின்வாயைச் செருகி, 50,000 முதல் 1,00,000 வோல்ட் வரையிலான துடிப்பைச் செலுத்தினார்கள். துடிப்பு நீடித்தது ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கு அளவே. மின்னழுத்தத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம். காலம் மிகமிகக் குறுகியது ஆதலால் செலவாகும் ஆற்றல் சிறிது. மரம் எரிவதில்லை, சூடாவதுகூட இல்லை. விளைவு? நான்காண்டுச் சோதனைக்குப்பின் 2010-இல் வெளியான செய்தியின்படி, சோதித்த 10 வகைக் காளான்களில் 8 வகைகள் விளைச்சலைக் கூட்டின. ஷிட்டாகேயின் விளைச்சல் ஏறத்தாழ இருமடங்கு ஆயிற்று.

இடி நேரே விழுந்தால் மரம் கருகிவிடும். மின்னல் பாயும் வழியில் வெப்பநிலை 30,000 டிகிரி வரை ஏறும். இழை எப்படிப் பிழைக்கும்? ஆனால் சற்றுத் தொலைவில் விழுந்த மின்னலின் மின்னோட்டம் நிலத்தில் பரவிப் பரவி வலுவிழந்து வந்து சேரும்போது, ஆய்வுக்கூடத் துடிப்பைப் போன்ற மெல்லிய அதிர்ச்சியையே தரக்கூடும். மின்புலத்தின் விசையால் இழைகள் இடம்பெயர்ந்து சில அறுந்தும் போகின்றன என்று குழுவினர் கருதுகிறார்கள். ஆபத்து வந்துவிட்டது என்று உணர்ந்த உயிர், வாழும் இடம் அழியுமுன் வித்துகளைப் பரப்பிவிட விரைகிறது. வித்துப் பரப்புவதற்குத்தானே குடை! வறட்சியில் வாடும் மரம் திடீரென்று பூத்துக் குலுங்குவதைக் கண்டிருப்பீர்கள். அதுபோல என்று கொள்ளலாம்.

இந்நோக்கில் வாங் சென்னின் தடியும் வேறு பொருள் பெறுகிறது. மரத்தை ஓங்கி அடித்தாலும் உள்ளிருக்கும் இழைகளுக்கு அதிர்ச்சிதான். இன்றும் மரத்துண்டு முறையில் வளர்ப்போர், விளைச்சல் வேண்டும்போது துண்டுகளைக் குளிர்ந்த நீரில் ஒருநாள் ஊறவைத்து எடுத்து, தரையில் ஒரு தட்டுத் தட்டி நிறுத்துவது உண்டு.

எலியில் கரைந்த கட்டி

இரண்டாவது நம்பிக்கையின் வரலாறு இவ்வளவு எளிதில் முடிவதில்லை. 14-ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் வூ ருய், இக்காளான் உடலுக்கு வலுவூட்டும், பசியைத் தாங்கச் செய்யும் என்ற கருத்தில் எழுதினார். அக்கால மருத்துவ நூல்களில் எத்தனையோ பொருள்களுக்கு இத்தகைய புகழ்மொழி உண்டு.

1960-களின் இறுதியில் டோக்கியோ தேசியப் புற்றுநோய் மைய ஆய்வுக்கூடத்தில் சிஹாரா கோரோவும் தோழர்களும் ஷிட்டாகேயை வெந்நீரில் காய்ச்சிச் சாறு எடுத்தார்கள். சார்க்கோமா 180 என்னும் கட்டியை எலிகளின் உடலில் ஏற்றி, அவற்றுக்கு அந்தச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார்கள். கட்டி சிறுத்தது, பல எலிகளில் அடியோடு மறைந்தது. 1969-இல் 'நேச்சர்' இதழில் இச்செய்தி வந்தது. சாற்றில் இருந்து பிரித்தெடுத்த தூய பொருளுக்கு லென்டினான் என்று பெயரிட்டார்கள். 200 கிலோ பச்சைக் காளானிலிருந்து 30 கிராம் அளவே அது கிடைத்தது என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

லென்டினான் ஒரு கூட்டுச் சர்க்கரை. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து, அத்தகைய மூன்று சங்கிலிகள் முப்புரிக் கயிறுபோல் முறுக்கிக் கிடக்கும் அமைப்பு. அதைப் புற்றுச் செல்களின் மேல் நேரே ஊற்றினால் அவை சாவதில்லை. அப்படியானால் எலியின் கட்டி கரைந்தது எப்படி? 1971-இல் இதற்கு ஓர் அழகிய சோதனை விடை தந்தது. பிறந்தவுடன் தைமஸ் சுரப்பி அகற்றப்பட்ட எலிகளில் லென்டினான் பயன் தரவில்லை. தைமஸ், நோய் எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள் பயிற்சி பெறும் இடம். ஆகவே கட்டியை அழித்தது எலியின் சொந்தப் படையே. லென்டினான் அப்படையைத் தூண்டியது என்பது தெளிவாயிற்று.

1985-இல் ஜப்பானிய அரசு லென்டினானை மருந்தாக ஏற்றது. எதற்கு? அறுவை செய்ய இயலாத, அல்லது மீண்டும் வந்துவிட்ட இரைப்பைப் புற்றுநோய்க்கு, வேறு வேதிமருந்தோடு சேர்த்து, துணை மருந்தாக. அளவு வாரத்துக்கு 2 மில்லிகிராம், இரத்த நாளத்தில் ஊசியாக. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றையும் நிறுத்திப் படிக்க வேண்டும். தனியாக அன்று, எல்லாப் புற்றுநோய்க்கும் அன்று, வாய்வழியும் அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் ஒரு சிறு புட்டியோடு வந்தார். அவர் உறவினர் ஒருவருக்குப் புற்றுநோய். மருத்துவமனைச் சிகிச்சையை நிறுத்திவிட்டு இந்தக் காளான் மாத்திரைகளைத் தொடங்கலாமா என்று வீட்டில் பேச்சு. புட்டியோடு வந்த தாளில் ஜப்பானிய ஆய்வும், எலியும், 1969-ஆம் ஆண்டும் எல்லாம் இருந்தன. எதுவும் பொய்யன்று. ஊசி என்ற ஒரு சொல் மட்டும் காணவில்லை. மருத்துவரிடம் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன், சிகிச்சை தொடர்ந்தது.

அந்த ஒரு சொல் ஏன் முக்கியம்? லென்டினானின் சர்க்கரைப் பிணைப்புகளை அறுக்கும் நொதி நம் உடலில் இல்லை. அத்தனை பெரிய மூலக்கூறு குடற்சுவரைக் கடந்து முழுதாக இரத்தத்தில் சேர்வதும் அரிது. வாய்வழி உண்பது குடலில் வேறு சில வேலைகளைச் செய்யலாம். ஆனால் ஊசி செய்ததையே அதுவும் செய்யும் என்று கொள்ள இடமில்லை. 2002-இல் வெளியான கலிபோர்னிய ஆய்வு ஒன்றில், ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஷிட்டாகேச் சாற்றை வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். தனி மருந்தாக அது பயனற்றது என்பதே முடிவு.

ஊசியாவது உறுதியாக நின்றதா? முதலில் செய்த சிறு ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது நோயாளிகளின் வாழ்நாள் சிறிது நீள்வதாகத் தெரிந்தது. பிறகு ஜப்பானில் 300-க்கு மேற்பட்ட இரைப்பைப் புற்றுநோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வேதிமருந்து மட்டும், மற்றதற்கு வேதிமருந்தோடு லென்டினானும் கொடுத்து ஒப்பிட்டார்கள். 2016-இல் முடிவு வெளியாயிற்று. லென்டினான் சேர்த்ததால் வாழ்நாள் கூடவில்லை. எலியில் கரைந்த கட்டி மனிதனில் கரைய மறுத்துவிட்டது. ஆய்வுக்கூட எலியின் கட்டி நாம் ஏற்றியது, வாரங்களில் வளர்ந்தது. மனிதனின் கட்டி அவன் சொந்த உடலிலிருந்து பல ஆண்டுகளில் தோன்றி, அவன் படையின் கண்ணில் மண்ணைத் தூவக் கற்றுக்கொண்டது.

அப்படியானால் காளானால் உடல்நலத்துக்குப் பயனே இல்லையா? அவ்வாறும் சொல்ல மாட்டேன். 2015-இல் வெளியான புளோரிடா பல்கலைக்கழக ஆய்வில், உடல்நலமுள்ள 52 பேர் நாள்தோறும் 5 அல்லது 10 கிராம் உலர்ந்த ஷிட்டாகேயை நான்கு வாரம் சமைத்துண்டார்கள். அவர்கள் இரத்தத்தில் சிலவகை வெள்ளணுக்களின் செயல்பாடு கூடியது. இதனால் நோய் குறைகிறதா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. எரிட்டடெனின் என்னும் இன்னொரு பொருள் எலிகளின் இரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கிறது. எலியைப் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஐயமில்லாத பயன்கள் சமையலறையில் இருக்கின்றன. கொழுப்புக் குறைவு, நார்ச்சத்து உண்டு, சுவையோ அபாரம். 1908-இல் இக்கேடா கடற்பாசியில் 'உமாமி' என்னும் ஐந்தாம் சுவையைக் கண்டறிந்தார். 1957-இல் குனினாகா அகிரா, குவானிலேட் என்னும் பொருளும் அச்சுவையைத் தருவது என்று காட்டினார். உலர்ந்த ஷிட்டாகேயில் அது நிறைய உண்டு. கடற்பாசியின் சுவைப்பொருளோடு சேர்ந்தால் இரண்டின் சுவையும் கூட்டல் கணக்கை மிஞ்சிப் பெருகும். உலர்ந்த காளானின் தனி மணத்துக்குக் காரணம், கந்தக அணுக்கள் ஐந்தைக் கொண்ட லென்தியோனின் என்னும் வளைய மூலக்கூறு, 1966-இல் பிரித்தெடுக்கப்பட்டது.

ஓர் எச்சரிக்கை. இதைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணாதீர்கள். 1977-இல் நகமுரா என்னும் ஜப்பானிய மருத்துவர் ஒரு புதுமையான தோல்நோயை விவரித்தார். உண்ட ஓரிரு நாளில் முதுகிலும் மார்பிலும் சாட்டையால் அடித்ததுபோல் சிவந்த கோடுகள் எழும், கடுமையாக அரிக்கும், ஓரிரு வாரத்தில் தானே மறையும். எல்லாருக்கும் வருவதில்லை. காரணம் என்று கருதப்படுவது வேறெதுவும் அன்று, அதே லென்டினான்தான்! நன்றாக வேகவைத்தால் இத்தொல்லை இல்லை.

வெயிலில் ஒரு சோதனை

இயற்பியலுக்கு உரிய பங்கைக் கடைசியில் வைத்திருக்கிறேன். காளானின் செல்களில் எர்கோஸ்டிரால் என்னும் பொருள் இருக்கிறது. 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள புற ஊதாக் கதிர் அதன்மேல் பட்டால், மூலக்கூறில் உள்ள வளையங்களில் ஒன்று அறுந்து திறந்துகொள்கிறது. பிறகு சாதாரண வெப்பத்திலேயே அது வைட்டமின் டி-2 ஆக மாறுகிறது. இத்தகைய பொருள்களுக்கும் வைட்டமின்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த ஜெர்மானியர் விண்டாவுஸ் 1928-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். நம் தோலிலும் வெயில் பட்டு இதே போன்ற மாற்றம் நிகழ்ந்துதான் வைட்டமின் டி-3 உண்டாகிறது. இந்த வைட்டமின் கிடைக்கும் தாவர வகை உணவுகள் மிகக் குறைவு என்பதால் சைவ உணவினர் இதைக் கவனிக்கலாம்.

இருட்டுக் கொட்டகையில் வளர்ந்து அப்படியே சந்தைக்கு வரும் காளானில் வைட்டமின் டி மிகக் குறைவு. வெயில் காட்டினால் பன்மடங்கு பெருகும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட இக்கதிரின் ஒவ்வொரு துகளுக்கும் ஆற்றல் மிகுதி. 300 நானோமீட்டரில் சுமார் 4 எலெக்ட்ரான் வோல்ட். பிணைப்பை அறுக்க அது போதும். சிவப்பு ஒளி எத்தனை நேரம் பட்டாலும் போதாது. அடுப்புச் சூட்டில் உலர்த்தினாலும் பயன் இல்லை.

ஷிட்டாகே நம் நாட்டில் இமாசலம், உத்தராகண்டம், வடகிழக்கு மாநிலங்கள் ஆகிய குளிர்ந்த பகுதிகளில் வளர்க்கப்படுகிறது. சோலனில் உள்ள காளான் ஆராய்ச்சி இயக்ககம் அதற்கு வழிகாட்டுகிறது. நம் சமவெளிகளில் கிடைப்பவை சிப்பிக் காளானும் பால் காளானும். அவற்றிலும் எர்கோஸ்டிரால் உண்டு. ஆகவே இச்சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். கடையில் வாங்கிய காளானைக் கழுவித் துடைத்து, சீவித் தட்டில் பரப்புங்கள். முழுக் காளானாக வைப்பதானால் மடிப்புள்ள அடிப்பக்கம் வானத்தைப் பார்க்கட்டும், ஏனெனில் பரப்பு அங்கேதான் மிகுதி. காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே மொட்டைமாடியில் வையுங்கள். காலை, மாலை வெயிலில் இக்கதிர் காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வருவதால் பெரும்பகுதி வடிகட்டப்பட்டு விடும். ஈக்கு அஞ்சி மேலே கண்ணாடி மூடாதீர்கள். சன்னல் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிட்டு நமக்கு வேண்டிய கதிரைத் தடுத்துக்கொள்ளும். மெல்லிய வலைத்துணி போதும்.